கம்பியூட்டரைக் கடைக்குக் கொடுக்குமுன்

ஹட்டன்,
2026 தை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பொங்கல் தூறலோடுதான் போனது. மூத்தவனுக்குத் தலவாக்கலைப் பக்கம் இடமாற்றம். என் முழங்கால் இந்தக் குளிர் குறையும்வரை அப்படித்தான் இருக்கும், அதை விடு.

கம்பியூட்டரைக் கடையில் கொடுத்து வின்டோஸைப் புதிதாகப் போடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய், அந்த விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாத்தையும் டி டிரைவில போட்டுடுங்க சேர், நான் சியை மட்டும் போமட் பண்றேன், ஒண்ணும் போகாது" என்று டவுன் கடைப் பையன் சொன்னதை நம்பி இருக்கிறாய். போமட் என்றால் அந்த டிரைவில் இருப்பதையெல்லாம் அழிப்பது. பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் உன் மெஷினில் சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பாகங்கள், நம் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா, இரண்டு அறை மாதிரி. கூரை போனால் இரண்டுக்கும்தான் போகும். வின்டோஸ் போடும்போது திரையில் வருகிற பட்டியலில் பெரும்பாலும் பாகத்தின் எண்ணும் அளவும்தான் இருக்கும். அவசரத்தில் ஒரு வரி தள்ளி அழித்துவிட்டால் டியும் சேர்ந்து போகும். அதனால் வெளியே செருகுகிற ஒரு டிஸ்க்கில் எல்லாம் ஏறின பிறகுதான் மெஷின் கடைக்குப் போக வேண்டும்.

வின்டோஸ் பத்தா பதினொன்றா, எதைப் போடப் போகிறான் என்றும் கேள். பதினொன்றுக்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசராகவும் இருக்க வேண்டும். உன்னுடையது அதற்கு முந்தியது என்றுதான் ஞாபகம். வின்டோஸ் பத்துக்கு மைக்ரோசொப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். உனக்கு அது போதும்.

இனி எதை எடுப்பது? டொகியுமென்ட்ஸ் போல்டரைக் கொப்பி பண்ணினால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய். உன்னை எனக்குத் தெரியாதா? பாதி சாமான் டெஸ்க்டொப்பில், மீதி டவுன்லோட்ஸில் கிடக்கும். டெஸ்க்டொப்பில் இருப்பதிலும் மூலையில் சின்ன அம்புக்குறி உள்ளதெல்லாம் பைல் இல்லை, வேறெங்கோ இருக்கிற பைலுக்கு வழி காட்டுகிற குறி மட்டும்தான். அதைக் கொப்பி பண்ணினால் குறி வரும், பைல் வராது. புரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தனியாக வெளியே எடுக்கலாம். ஆனால் அவை யாரும் வாசிக்கக்கூடிய பைலாகத்தான் இறங்கும். அதைவிட முக்கியமான இரண்டு மூன்றைக் கடதாசிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள், உன் வயதுக்கு அது போதும்.

உனக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியது பாமினி எழுத்துருவைப் பற்றித்தான். இத்தனை வருடமும் நீ அடித்த வினாத்தாள், தோட்டப் பாட்டுத் தொகுப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இங்கிலிஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைக்கிற பழைய ஏற்பாடு. நீ அம்மா என்று அடித்ததாக நினைக்கிறாய், பைலுக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். புது வின்டோஸில் பாமினி இல்லையென்றால் பைல் திறக்கும், ஆனால் பக்கம் முழுக்க இங்கிலிஷ் எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். பைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். சி டிரைவில் வின்டோஸ் போல்டருக்குள் பொன்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து பாமினியையும் நீ வேறு ஏதாவது பாவித்திருந்தால் அதையும் டிஸ்க்கில் போட்டுக்கொள். புதிதாக வின்டோஸ் போட்ட பிறகு திரும்ப இன்ஸ்டோல் பண்ணினால் எல்லாம் பழையபடி வாசிக்கும். தமிழைத் தமிழ் எழுத்தாகவே பைலில் வைக்கிற யுனிகோடு முறைக்கு மாற்றச் சொல்லி மருமகன் நெருக்குகிறான் என்றாய். மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கிழமை வேண்டாம். மாற்றியதை வரி வரியாகச் சரிபார்க்காவிட்டால் பிழை நுழையும், போமட் பண்ணுகிற அவசரத்தில் செய்கிற வேலை இல்லை அது. தோட்டப் பாட்டுத் தொகுப்பை மட்டும் பி.டி.எப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வை. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், எந்த மெஷினிலும் தமிழாகத் தெரியும்.

அடுத்தது, மன்மதன் ரதி கதையைத் தோட்டத்தில் ஆடுகிற காமன் கூத்தின் வீடியோ. விடிய விடிய எடுத்தது ஒரே பைலாக இருந்தால் பழைய பென் டிரைவில் ஏறாது. இடம் தாராளமாக இருந்தாலும் பைல் பெரிது என்று திருப்பி அனுப்பும். பென் டிரைவ் பழுது என்று எறிந்துவிடாதே. பழைய ஃபாட்32 முறையில் போமட் செய்த டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனி பைல் போகாது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் போகும், மாற்றும்போது டிரைவில் இருப்பது அழியும் என்பதை மறக்காதே. பெரிய பைல்களைக் கட் பண்ணி ஒட்டாதே, கொப்பி மட்டும் பண்ணு. நடுவில் கரண்ட் போனாலும் மூலப் பைல் இருந்த இடத்தில் இருக்கும். கரண்ட் போகக் காரணமா வேண்டும் நம் நாட்டில்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம், நாடு முழுக்க இருட்டு.

உன் தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசியை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறாய் அல்லவா, அதை முதலில் எடு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது, 1964இல் நம்மை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், பிறகு 2003இல் பிரஜாவுரிமை தந்த 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இழுபட்டது. கடதாசி ஒன்று இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பைல் ஒரு டிஸ்க்கில் மட்டும் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

டிஸ்க்கும் கம்பியூட்டரும் ஒரே வீட்டில் இருப்பதையும்தான். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது உள்ளே இருந்த கடதாசிகளும் சேர்ந்துதான் போயின. போன நவம்பரில் டித்வா புயலில் சரிந்த சரிவுகளை நீயும் பார்த்தாய். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இலவசம். கடதாசிகளும் பாட்டுத் தொகுப்பும் அதற்குள் அடங்கிவிடும், உங்கள் தோட்டத்தில் சிக்னல் நல்லாக இருக்கிற நேரம் பார்த்து ஏற்று. வீடியோவுக்கு அது ஆகாது. அதற்கு இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி என்னிடம் கொடு. சி.டி.யில் எழுதலாம் என்று யோசிக்காதே, நம் ஊர் ஈரத்தில் என்னிடமிருந்த சி.டி.களில் பூஞ்சணம் பிடித்து நாளாகிறது.

எல்லாம் ஏறியதும் டிஸ்க்கைக் கழற்றி மருமகனின் லெப்டொப்பில் செருகிப் பார். போல்டர் பெயர் தெரிந்தால் போதாது. ஒரு வினாத்தாளைத் திற, வீடியோவை நடுவில் ஓடவிடு, தாத்தாவின் கடதாசியில் இலக்கம் வாசிக்க முடிகிறதா பார். அதன் பிறகு கடைப் பையனைக் கூப்பிடு.

மாசியில் உங்கள் தோட்டத்தில் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றும் நாள் எது என்று எழுது. இரண்டாவது டிஸ்க்கை அப்போது வந்து வாங்கிக்கொள்கிறேன். ரதி புலம்பலைப் பாடுகிற அந்தப் பெரியவர் இந்த வருடமும் பாடுவாரா என்று கேட்டு வை. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
பள்ளியில் உன் பழைய வாங்குக்காரன்