காவல்துறையை யாரும் கலைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் பிடியில் இறந்ததை எதிர்த்து எழுந்த போராட்டங்களைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் போட்டிருந்தீர்கள். முதலாமவருக்கு அது மக்கள் எழுச்சி, இரண்டாமவருக்குக் கடை கொளுத்திய கும்பல். இரண்டு பேரும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்ததும், நான் இருந்த ஊர் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

2020 பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக அங்கே போனேன். இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. மார்ச்சில் விமானங்கள் நின்றுபோயின. ஆகஸ்டு கடைசி வரை மாட்டிக்கொண்டேன். மகள் வீடு நகரத்தின் தெற்குப் பக்கம். எரிந்துபோன லேக் ஸ்ட்ரீட்டுக்குக் காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அமெரிக்க அரசியல் கரைத்துக் குடித்தவள் இல்லை. பார்த்ததும் கேட்டதும், ஊர் திரும்பிய பிறகு விடாமல் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

மே 26 காலை. பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையை மகள் கைப்பேசியில் வாசித்துக் காட்டினாள். போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு, ஒருவர் மரணம் என்கிற மாதிரி ஒரு தலைப்பு. அவர் முரண்டு பிடித்தாராம், விலங்கு மாட்டினார்களாம், உடம்புக்கு முடியாதவர் போலத் தெரிந்ததாம், ஆம்புலன்ஸை அழைத்தார்களாம். முழங்கால் என்ற சொல்லே அதில் கிடையாது. உடனே வீடியோவையும் காட்டினாள். 38ஆவது தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கிற முனையில், நடைபாதையில் நின்று 17 வயதுப் பெண் எடுத்தது. கள்ள நோட்டு என்று சந்தேகப்பட்ட ஒரு 20 டாலருக்காகப் பிடித்த ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் டெரிக் ஷாவின் என்ற போலீஸ்காரர் முழங்காலை அழுத்திக்கொண்டிருக்கிறார். முதலில் 8 நிமிடம் 46 நொடி என்றார்கள். விசாரணையில் அது 9 நிமிடம் 29 நொடி என்று ஆனது. நான் பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

‘ஒரே ஒரு வீடியோவை வைத்து ஒரு துறையையே குற்றம் சொல்லலாமா’ என்று இரண்டாம் கட்டுரையாளர் கேட்கிறார். வீடியோ இல்லாமல் போயிருந்தால் அந்த அறிக்கைதானே ஐயா நிலைத்திருக்கும்? விஷயம் ஒரு வீடியோவோடு நிற்கவும் இல்லை. 2022இல் மாநில மனித உரிமைத் துறையும், 2023இல் மத்திய நீதித் துறையும் தனித்தனியாக விசாரித்து, இந்தக் காவல்துறை இன பேதம் பார்த்துத்தான் நடந்துகொள்கிறது என்று அப்போது எழுதிவைத்தன.

அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே தம்பி ஊரிலிருந்து போன் செய்து சாத்தான்குளம் செய்தியைச் சொன்னான். அங்கேயும் போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையில், தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் ஏற்பட்டது என்று இருந்தது. அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நிறத்தின் கதை அந்த நாட்டுக்கே உரியது. முதல் காகிதத்தை எழுதுகிற கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

சரி, தீ வைத்த கதைக்கு வருகிறேன். மே 28 ராத்திரி மூன்றாவது சரகக் காவல் நிலையம் எரிந்தது. டயர் கருகின நாற்றம் வீட்டுக்குள் வந்தது. ஹெலிகாப்டர் சத்தத்தில் பிள்ளை தூங்கவில்லை. மாப்பிள்ளை தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டுவந்து வாசலில் போட்டு, கூரையை நனைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் எட்டு மணி ஊரடங்கு என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. அதற்குப் பிறகு தெருக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு விடிய விடிய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆகவே எரிந்ததைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கொளுத்தியதெல்லாம் வெளி மாநிலத்துக்காரர்கள் என்று முதல் கட்டுரையாளர் எழுதியது சரியில்லை. அந்தச் சில நாட்களில் மேயரும் கவர்னரும்கூட அப்படித்தான் சொன்னார்கள், பிறகு பின்வாங்கினார்கள். காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததாகத் தண்டனை பெற்ற நான்கு பேரும் மினியாபொலிஸ் இருக்கிற மினசோட்டா மாநிலத்துக்காரர்கள். அந்தக் கட்டடத்தின் மேல் 13 முறை சுட்டவர் மட்டும் டெக்ஸாஸிலிருந்து வந்த, ஆயுதம் தூக்குகிற வேறொரு கூட்டத்து ஆள்.

அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் காந்தி மஹால் என்று ஒரு ஹோட்டல். வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நடத்தியது. அடிபட்ட போராட்டக்காரர்களுக்கு அங்கேதான் கட்டுப்போட்டார்கள். அதுவும் எரிந்தது. கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று அதன் உரிமையாளர் சொன்னது உலகம் பூராவும் செய்தியாயிற்று. பெரிய மனசுதான். ஆனால் அவருடைய பெரிய மனசைத் தூக்கி, லேக் ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருந்த ஒவ்வொரு சோமாலியக்காரர் தலையிலும் மெக்ஸிகோக்காரர் தலையிலும் முதல் கட்டுரையாளர் வைப்பது என்ன நியாயம்? இன்சூரன்ஸ் போதாமல் தவித்தவர்கள் அங்கே நிறைய.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருந்தார். கறுப்பினத்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேலிக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுப் பேசுவோம். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அவர் பேச்சோ வேகம். பாதியை மாப்பிள்ளைதான் எனக்கு விளக்குவார், விளக்கிக்கொண்டே அவரோடு சண்டையும் போடுவார்.

ஒருநாள் சண்டை இப்படி. 2017 ஜூலையில் அதே ஊரில், வீட்டுக்குப் பின்னால் ஏதோ பெண்ணின் குரல் கேட்கிறது என்று 911 என்கிற அவசர உதவி எண்ணை அழைத்த ஆஸ்திரேலிய வெள்ளைக்காரப் பெண்ணை, வந்த போலீஸ்காரரே சுட்டுவிட்டார். சுட்டவர் சோமாலிய வம்சாவளி. பார்த்தீர்களா, வெள்ளைக்காரியையும் சுடுகிறார்கள், இது நிறமில்லை, பயிற்சி சரியில்லை என்பது மாப்பிள்ளையின் கட்சி. நர்ஸம்மா அதே வழக்கை அப்படியே திருப்பிப் போட்டார். 2016இல் பக்கத்து ஊரில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பர், காரில் தன்னிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதைச் சொன்ன பிறகும் சுடப்பட்டார். சுட்டவருக்கு விடுதலை, குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். வெள்ளைக்காரப் பெண்ணின் குடும்பத்துக்கு 2 கோடி டாலர், சுட்ட கறுப்புப் போலீஸ்காரருக்குச் சிறை. அது சின்ன ஊர், இவ்வளவு கொடுக்க வசதியிராது என்று மாப்பிள்ளை இழுத்தார். (அந்தச் சிறைத் தண்டனையை மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிற்பாடு பெரிதும் குறைக்க வைத்தது, அது வேறு.) ஒரே கணக்கில் இரண்டு விடை வருகிறதே என்று நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு நர்ஸம்மா சொன்னதுதான் கனமாகப் படுகிறது. மாப்பிள்ளை சொன்னதில் ஒன்றுமில்லை என்றும் தள்ள முடியவில்லை.

அந்த அம்மா 38ஆவது தெரு முனைக்குப் பூ வாங்கிக்கொண்டு போனார். அதே வாரம் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 911ஐ அழைத்துவிட்டு, ஒரு மணி நேரமாக ஒரு போலீஸ்காரன்கூட வரவில்லை என்று திட்டித் தீர்த்தார். 1967இல் வடக்குப் பகுதியில் நடந்த கலவரத்தில் பிளைமவுத் அவென்யூ எரிந்தபோது அவருக்கு 13 வயது. எரிந்த கடைகளில் பல திரும்பி வரவே இல்லை என்று அடிக்கடி சொல்வார். உங்கள் இரண்டு கட்டுரைகளில் இவரை எதில் சேர்ப்பது?

இவர் ஒருத்தர் மட்டும் இப்படி இல்லை. 2020 ஆகஸ்டில் கேலப் நிறுவனம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் போலீஸ் நடமாட்டம் குறையக் கூடாது என்றவர்கள் அமெரிக்கக் கறுப்பர்களில் 81 சதவீதம். போலீஸ் தங்களை மரியாதையாக நடத்தும் என்று உறுதியாக நம்பியவர்களோ அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு.

‘நமக்கென்ன வந்தது’ என்று இரண்டாம் கட்டுரையாளர் ஓரிடத்தில் கேட்கிறார். 2015இல் அலபாமாவில், பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுக்காரர் காலையில் நடைப்பயிற்சி போனார். கறுப்பு ஆள் ஒருவன் தெருவில் திரிகிறான் என்று யாரோ புகார் கொடுக்க, வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்துச் சாய்த்ததில் கை கால் ஓரளவு செயலிழந்துபோயிற்று. அந்தப் போலீஸ்காரர் தண்டனை இல்லாமல் விடுதலையானார். இதைப் படித்த பிறகு மகள் என்னைத் தனியாக நடக்கப் போகவே விடவில்லை. இவ்வளவுதான் வந்தது.

கடைசியாக, கடிதம் எழுத உட்கார்ந்த காரணம். ‘மினியாபொலிஸ் நகரம் தன் காவல்துறையைக் கலைத்துவிட்டு, இப்போது அனுபவிக்கிறது’ என்று இரண்டாம் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அப்படி நடக்கவில்லை. 2020 ஜூன் 7 அன்று நகர மன்றத்தின் 13 உறுப்பினர்களில் 9 பேர் பவுடர்ஹார்ன் பூங்காவில் மேடையேறி, இந்தக் காவல்துறையை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்றது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாக வேறொரு பாதுகாப்புத் துறை வேண்டுமா என்று 2021 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுத்தபோது சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கறுப்பர்கள் அதிகம் வாழும் வடக்குப் பகுதி வார்டுகளிலும் அதே பதில்தான். ஏறத்தாழ 900 ஆக இருந்த காவலர் எண்ணிக்கை 600க்குக் கீழே போனதற்குக் காரணம், மன அதிர்ச்சிக்கு இழப்பீடு கேட்டும், ஓய்வு வாங்கிக்கொண்டும், வேலையை விட்டும் அவர்களாகவே கிளம்பிப் போனது. வடக்குப் பகுதிவாசிகள் சிலர் போலீஸ் போதவில்லை என்று நகரத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். குறைந்தபட்சம் 731 பேரை நியமிக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் முடியவில்லை என்று மேயர் காரணம் காட்ட வேண்டும் என்று 2022 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

கட்டுரையாளரின் கருத்து அவருடையது, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.