டியர்ஹர்ஸ்டில் விட்டுப்போன சிற்றாலயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். குளோஸ்டர் பேராலயத்தை அவ்வளவு அழகாக எழுதியவர், டியர்ஹர்ஸ்ட் கிராமத்தில் புனித மரியாள் கோயிலோடு நின்றுவிட்டார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டோடு ஒட்டியபடி நிற்கும் ஓடா பிரபுவின் சிற்றாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வட்டாரத்தில் குடியிருக்கும் எனக்கு அது பெரிய குறையாகப்பட்டது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கிராமக் கோயில்களில் கட்டியவர் யார், எதற்காகக் கட்டினார் என்பது தெரிவதே அபூர்வம். இங்கே அர்ப்பணித்த தேதிகூடத் தெரியும். அப்போது இங்கிலாந்தை ஆண்ட எட்வர்டு மன்னரின் உறவினரான ஓடாவின் சகோதரர் எல்ஃப்ரிக் 1053 டிசம்பரில் இதே ஊரில் இறந்தார். அவருடைய ஆன்மா இளைப்பாற ஓடா எழுப்பிய கோயில் இது. 1056 ஏப்ரல் 12 அன்று ஆயர் ஈல்ட்ரெட் வந்து அர்ப்பணித்தார். பத்தாண்டு கழித்து, இங்கிலாந்தை வென்ற வில்லியமுக்கு மன்னராக முடிசூட்டியவரும் இதே ஈல்ட்ரெட்தான். ஓடாவோ அர்ப்பணிப்பு நடந்த 1056 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார்.

கோயில் கட்டிய காரணத்தையும் அர்ப்பணிப்பையும் சொல்லும் லத்தீன் கல்வெட்டு 1675இல் ஊர்ப் பழத்தோட்டம் ஒன்றில் கிடைத்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் கிடைத்தும் கோயில் கிடைக்கவில்லை என்பதுதான் விசேஷம். எல்லாரும் அது புனித மரியாள் கோயிலைப் பற்றிய கல் என்றே எண்ணிக்கொண்டார்கள். உண்மையான கோயிலில் அப்போது சமையல் நடந்துகொண்டிருந்தது! வழிபாடு நின்றுபோய், பக்கத்தில் எழுந்த மரச்சட்ட வீட்டோடு சேர்ந்து, மக்கள் நின்ற கூடம் அடுப்படியாகவும் பீடப்பகுதி படுக்கையறையாகவும் மாறியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான், ஊர்ப் பாதிரியார் ஜார்ஜ் பட்டர்வொர்த்தின் முயற்சியால், இது இன்னதென்று தெரிந்தது. பழுதுபார்க்கும்போது சுவர்ப்பூச்சுக்கு அடியிலிருந்து பழைய சன்னல்கள் வெளிப்பட்டன. பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் பீடம் அர்ப்பணித்த செய்தியைத் தாங்கிய இன்னொரு கல்லும் அந்த வீட்டிலேயே கிடைத்தது.

கோயிலை அடுப்படி ஆக்கிவிட்டார்களே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குடும்பங்கள் மேல் நன்றிதான். ஆள் இல்லாத கோயிலின் கற்களை ஊர்க்காரர்கள் வேறு வேலைக்கு எடுத்துப்போவது எங்கும் நடந்த கதை. குடியிருக்கிற வீடு என்றால் கூரை ஒழுகினாலும் உடனே பார்ப்பார்கள். அந்த அக்கறைதான் இந்தச் சுவர்களை நம் காலம்வரை நிறுத்தியிருக்கிறது.

உள்ளே போனால் முதலில் வியக்கவைப்பது உயரம். கூடம் குறுகல், ஆனால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சன்னல்கள் உள்ளேயும் வெளியேயும் அகன்று, சுவரின் நடுவில் மட்டும் ஒடுங்குகின்றன. மூலைகளில் ஒரு நீளக் கல்லை நிற்கவைத்து, அடுத்ததைப் படுக்கவைத்து, மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். பீடப்பகுதிக்குப் போகும் அரைவட்ட வளைவில் அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஓடாவின் கல்வெட்டுக்கு ஒரு நகலும் உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் எட்டிப்பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. செவர்ன் ஆறு பெருகினால் ஊருக்கு வரும் சாலையில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: தொடரின் அடுத்த பகுதிகளில் பேராலயங்களைக் கொஞ்சம் குறைத்து, இதுபோன்ற கிராமக் கோயில்களுக்கும் இடம் கொடுங்கள். பெரிய கோயில்களைப் பற்றிப் படிக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செல்ட்னம், இங்கிலாந்து