இணைப்போடு போகும் சின்னப் பெட்டி: இணையதளம் உருவாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

போன வாரம் என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு அனுப்பினேன். தீக்காயம் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டுரை. பொறுப்பாக எழுதியிருந்தார்கள், படங்களும் நன்றாக இருந்தன. அவளுக்குப் போய்ச் சேர்ந்ததோ ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் 'ரியாக்ட் ஆப்' என்று இரண்டே சொல். "அண்ணா, உன் போனை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். கடைசிவரை திறக்கவே இல்லை.

அந்த இரண்டு சொல் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே தெரியும். 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற, இணையதளம் கட்டத் தொடங்க உதவும் கருவியைக் கொண்டு புதுத் திட்டம் தொடங்கினால் தானாக வந்து உட்காரும் தலைப்பு அது. கட்டுரையின் உண்மையான தலைப்பையும் யாரோ மறக்காமல்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் அது பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிய பிறகுதான் வருகிறது. முன்னோட்டம், அதாவது இணைப்போடு போகும் அந்தப் பெட்டிக்கான விவரம், எடுக்க வரும் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) பெரும்பாலும் அதற்குக் காத்திருப்பதில்லை. சர்வர் முதலில் நீட்டும் எச்டிஎம்எல்லில், பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஹெட் பகுதியைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடும். பிரவுசரில் பார்க்கும் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதால், குறை உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இது ஒன்றும் புது வித்தை அல்ல. பெட்டியில் என்ன வர வேண்டும் என்று பக்கமே சொல்வதற்கு ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த முறை ஓப்பன் கிராஃப். அது கேட்பது ஹெட் பகுதியில் எழுதும் நான்கே நான்கு குறிப்பு, அதாவது மெட்டா டேக்: தலைப்பு, வகை, படம், முகவரி. விளக்கம்கூட விருப்பம்தான். ட்விட்டர் 2012இல் தனக்கென்று கார்டு டேக்குகளைக் கொண்டுவந்தது. அவற்றில் தலைப்போ படமோ இல்லாவிட்டால் ஓப்பன் கிராஃபில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும்.

ஒரு காலத்தில் ஃபேஸ்புக்கில் பகிர்கிறவரே பெட்டியில் வரும் தலைப்பையும் படத்தையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. பொய்ச் செய்தி பரப்ப அது வசதியாகிப் போனதால் 2017இல் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியது நியாயம்தான். ஆனால் இப்போது உங்கள் பக்கத்தைப் பகிரும் என்னால் அந்தப் பெட்டியில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. நீங்கள் விட்டதை நான் சுமக்கிறேன், அவ்வளவுதான்.

அதனால் கேட்கிறேன். இந்த டேக்குகள் சர்வரிலிருந்தே வரட்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே லோகோவை ஒட்டாதீர்கள். ஐந்து கட்டுரை பகிர்ந்தால் ஐந்தும் ஒரே விளம்பரம் போலத் தெரிகின்றன. படத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்கி முழுதாகக் கொடுங்கள், பாதி முகவரியை வைத்துப் பல பாட்களால் படத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. 1200க்கு 630 பிக்சல் என்பது வழக்கமான அளவு. சில செயலிகள் அதையும் சதுரமாக வெட்டிவிடும், ஆகவே முக்கியமானது நடுவில் இருக்கட்டும். (படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் தலைப்பைச் செதுக்குகிறவர்களை என்ன சொல்ல!) அப்புறம், பெட்டியில் ஒரு தலைப்பு, உள்ளே போனால் வேறு கதை என்று வைக்காதீர்கள். வாசகர் என் முகத்துக்காகத் திறக்கிறார். ஏமாந்தால் திட்டு எனக்குத்தான் விழும்.

வெளியிடும் முன் இணைப்பை உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். தவறை அதற்குப் பிறகு கண்டுபிடித்தால் டேக்கைத் திருத்துவதோடு வேலை முடியாது, பழைய முன்னோட்டம் கேஷில் (அந்தத் தளங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்த நகலில்) ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னோட்டத்தைச் சோதிக்க ஃபேஸ்புக் தரும் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். படத்தை மாற்றினால், பழைய நகலே மறுபடி வராமலிருக்க, கோப்பின் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

அந்தத் தீக்காயக் கட்டுரையை எழுதியவர்களுக்கும் தனியாக மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். சரிசெய்ததும் சொல்லுங்கள், தங்கைக்கு மறுபடி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைப் பகிரும் ஒருவன்