மேலுரத்துக்கு முன் இலை ஆய்வு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரையூர், டி. கல்லுப்பட்டி, சேடபட்டிப் பக்கத்துக் கரிசல் புஞ்சைகளில் மானாவாரியாகச் சோளமும் மக்காச்சோளமும் குதிரைவாலியும் விதைக்கும் எங்களில் பலரிடம் மண்வள அட்டை இருக்கிறது. ஆயினும் ஐப்பசியில் நல்ல மழை இறங்கியதும், வளரும் பயிருக்கு மேலுரமாக யூரியா மூட்டையைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைப் பக்கத்துப் புஞ்சைக்காரரைப் பார்த்துத்தான் இன்னமும் முடிவு செய்கிறோம். 2015இல் தொடங்கிய அட்டைத் திட்டம், மண்ணில் உள்ள சத்தைச் சொல்லுமே தவிர, அதில் எவ்வளவு பயிருக்குள் ஏறியது என்பதைச் சொல்லாது. மேல்மண் காய்ந்துவிட்டால் அங்குள்ள சத்தை வேரால் எடுக்க இயலாது; சுண்ணாம்பு மிகுந்த கரிசலிலோ இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை.

பயிர் மஞ்சளடித்தால் யூரியா என்பது நம் பழக்கம். மானிய விலையில் கிடைப்பதால் அது தவறானாலும் நமக்கு உறைப்பதில்லை. அடி இலைகள் மஞ்சளானால் பெரும்பாலும் யூரியா தரும் தழைச்சத்தின் (நைட்ரஜன்) குறைதான். ஆனால் குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை, அதற்கு யூரியா மருந்தாகாது. கந்தகக் குறையும் இளம் இலையிலேயே தோன்றுவதால் கண் ஏமாந்துவிடும்.

இதைத் தெளிவுபடுத்துவது, இலையில் உள்ள சத்தை ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் இலை ஆய்வு. பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்தபின், முழுதாக விரிந்த இலைகளில் மிக இளையதைப் பல செடிகளிலிருந்து எடுத்து, மண் தூசி போக அலசி, நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். தூசி ஒட்டியிருந்தால் இரும்பின் அளவு பொய்யாகக் கூடிவிடும். செழித்த இடத்து இலையையும் வெளுத்த இடத்து இலையையும் தனித்தனியே அனுப்பி ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. வறட்சியில் வாடி நிற்கும்போது இலை பறிக்கக் கூடாது. வளர்ச்சி குன்றிய செடியில் சத்து செறிந்து, குறையே இல்லாததுபோல் காட்டக்கூடும்.

மண் பரிசோதனை நிலையங்கள் மானாவாரிப் பட்டத்தில் இலை மாதிரிகளையும் பெற்று, பத்து நாட்களுக்குள் முடிவு தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி, நம் பயிர்களுக்கு எந்தப் பருவத்தில் இலையில் எந்தச் சத்து எந்த அளவு இருந்தால் போதுமானது என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தந்தால் பேருதவியாக இருக்கும். முடிவு பிந்தி வந்து மேலுரத்துக்கு உதவாமல் போனாலும், அடுத்த புரட்டாசியில் அடியுரத்தோடு துத்தநாக சல்பேட் சேர்ப்பதா என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
டி. கல்லுப்பட்டி, மதுரை மாவட்டம்.