புள்ளிமான் மீது இரக்கம், நிலத்தின் மீது இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நம் ஊர்ப் புள்ளிமானைக் காசு கட்டிச் சுடுகிறார்கள் என்று வந்த செய்தியைப் படித்து, வாசகர்கள் பலர் கொதித்து எழுதியிருந்தார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மானைக் காப்பது முழுக்க நியாயம். இங்கே அதன் காடு, அதன் சிறுத்தை, அதன் செந்நாய் எல்லாம் அதனுடன் பிறந்தவை. டெக்சஸில் அப்படியல்ல. ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்த்து, ஊருக்கு வெளியே ஐம்பது, நூறு ஏக்கர் வாங்கிப் போடும் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இதே பாசத்தில் புள்ளிமானுக்கு மக்காச்சோளம் கொட்டி வளர்த்தால், சில ஆண்டுகளில் நிலம் மொட்டையாகிவிடும்.

புள்ளிமான் டெக்சஸுக்கு 1932 வாக்கில் கொண்டுவரப்பட்டது. எட்வர்ட்ஸ் பீடபூமியின் சுண்ணாம்புக் குன்றுகளும் ஓக் மரங்களும் அதற்கு நன்றாகவே ஒத்துப்போயின. அந்த மண்ணுக்குரிய வெள்ளைவால் மான் அகன்ற இலைப் பூண்டுகளையும் குழையையும் தின்னும்; புல்லை மட்டும் தின்று பிழைக்கத் தெரியாது. புள்ளிமானோ பூண்டு, குழை எல்லாவற்றையும் மேய்ந்து முடித்தபின் புல்லுக்கு மாறிக்கொள்ளும். அதனால் பஞ்சம் வந்தால் பட்டினி கிடப்பது வெள்ளைவால் மான்தான். இதே உணவுப் பழக்கமுள்ள இன்னோர் அயல் மானான சிக்காவை வைத்து, டெக்சஸின் கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் ஒரு சோதனை நடந்தது. 1971-இல் 96 ஏக்கர் வேலிக்குள் சிக்கா ஆறு, வெள்ளைவால் ஆறு என்று விட்டார்கள். 1979-இல் சிக்கா 62 ஆகியிருந்தது. வெள்ளைவால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் புள்ளிமான்களும் செத்தன என்பது உண்மை. ஆனால் பனிப்புயலை நம்பி யாரும் நிலம் பராமரிக்க முடியாது.

சட்டமும் இரண்டு மானையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வெள்ளைவால் மான் யார் நிலத்தில் நின்றாலும் மாநில மக்களின் சொத்து. அதற்கு வேட்டைப் பருவம் உண்டு, உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டு உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பும் உண்டு. புள்ளிமான் அயல் விலங்கு. ஆண்டு முழுவதும் சுடலாம், எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் சொந்த நிலமானாலும் வேட்டை உரிமம் கட்டாயம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

வரி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். ஏற்கெனவே வேளாண் மதிப்பீட்டில் உள்ள நிலத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மாற்றினால் அதே குறைந்த வரி தொடரும். அதற்கு வாழிடச் சீரமைப்பு, மண்ணரிப்புத் தடுப்பு, கொன்றுண்ணிக் கட்டுப்பாடு, தண்ணீர், தீவனம், தங்குமிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் மூன்றையாவது செய்ய வேண்டும். விண்ணப்பம் ஏப்ரல் 30-க்குள் கவுண்ட்டி (மாவட்டம் போன்றது) மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அந்த மண்ணுக்குரிய விலங்குகளுக்காகச் செய்யும் வேலை மட்டுமே கணக்கில் வரும். புள்ளிமானுக்கு எத்தனை தொட்டி கட்டினாலும் அது செல்லாது.

நிலம் வாங்கியதும் முதல் வேலை எண்ணிப் பார்ப்பது. ஆகஸ்ட், செப்டம்பர் இரவுகளில் ஒரே பாதையில் மணிக்கு பத்து மைல் வேகத்தில் வண்டியை ஓட்டி, கைவிளக்கால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். மைலில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு ஒருமுறை, இரு பக்கமும் எத்தனை கெஜம் கண்ணுக்குத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதை 3 மைல், சராசரிப் பார்வை அகலம் இரு பக்கமும் சேர்த்து 110 கெஜம் என்றால், 3 × 1760 × 110-ஐ 4840-ஆல் வகுக்க 120 ஏக்கர் வரும். அதில் 12 மான் கண்டால் பத்து ஏக்கருக்கு ஒன்று. வெள்ளைவால் மானை எண்ண இந்த முறை போதும். குறைந்தது மூன்று இரவு ஓட்டிச் சராசரி எடுக்கலாம். புள்ளிமான் மந்தையாகத் திரிவதால் ஓர் இரவு ஒன்றும் இருக்காது, மறு இரவு நாற்பது நிற்கும். அதற்கு மரத்தைப் பார்ப்பதே மேல். தரையிலிருந்து நாலு, ஐந்து அடி வரை இலையே இல்லாமல் எல்லா மரமும் ஒரே மட்டத்தில் கத்தரித்ததுபோல் இருந்தால் மான் மிகுதி. சீடர் மரத்தின் இலையையே கடித்திருந்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று பொருள்.

வாழிடச் சீரமைப்பு என்று இறங்கினால் வெட்ட வேண்டியிருப்பது இந்தச் சீடரைத்தான். உள்ளூரில் அப்படிச் சொல்வது உண்மையில் ஜூனிப்பர் மரம். அதில் ஆஷ் ஜூனிப்பரைக் கீழ்ப் பச்சைக் கிளைக்கும் கீழே, தரையோடு அறுத்தால் மறுபடி துளிர்க்காது. ரெட்பெர்ரி வகை துளிர்க்கும். அதை அடிக்கட்டையோடு தோண்ட வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் புல்டோசரை வரவழைத்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் அந்த மெல்லிய மண் ஓடைக்குப் போய்விடும், மானுக்கு ஒதுங்க நிழலும் இருக்காது. சரிவில் உள்ளதைத் தொடாதீர்கள். பட்டை நார் நாராக உரியும் முதிர்ந்த மரங்களையும் விட்டுவிடுங்கள். 1990 முதல் அழிநிலைப் பட்டியலில் உள்ள பொன்னிறக் கன்னக் கதிர்க்குருவி அந்தப் பட்டை நாரைக் கொண்டுதான் கூடு கட்டும். அது கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரம்பம் ஓடக் கூடாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தில் வெட்டுக் காயம் பட்டால் சாறு குடிக்கும் வண்டுகள் ஓக் வாடல் பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு வேர் வழியாக அடுத்தடுத்த மரங்களுக்குப் பரவும். எந்த மாதமானாலும் ஓக்கை வெட்டிய கையோடு காயத்தில் பெயின்ட் பூசிவிடுவது நல்லது. ஆக, ரம்பத்துக்கு ஏற்றது செப்டம்பர் முதல் ஜனவரி வரை. வேட்டைப் பருவமும் அதே நேரம்தான், என்ன செய்வது! வெட்டிய சீடர் கிளைகளை எரிக்காமல் ஓக் கன்றுகள் மீது தளர்வாகப் போட்டால் மான் வாய் எட்டாது. கன்று தலைதூக்கும் வரை அதுவே வேலி.

மக்காச்சோளம் பற்றி ஒரு வார்த்தை. அது மானை வரவழைக்கும், வளர்க்காது. புரதம் ஒன்பது விழுக்காட்டுக்குள்தான். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் விஷம் சேரும். அது 20 பிபிபி-க்கு (நூறு கோடியில் 20 பங்குக்கு) மேல் உள்ள மூட்டையைத் தொடாதீர்கள். தரையில் குவித்துக் கொட்டுவதைவிட நேரம் வைத்துத் தூவும் கருவியில் கொஞ்சமாகத் தூவுவது மேல். ஒரே இடத்தில் வாயோடு வாய் வைத்துத் தின்றால் நோய் பரவும். மான்களின் மூளையை அரிக்கும் சிடபிள்யூடி என்ற நோய் டெக்சஸில் 2012 முதல் இருக்கிறது.

இனி வேட்டை. ஆண் மானின் நீண்ட கொம்புக்காக காசு கட்டிச் சுட வருபவர்கள் பெரும் பணம் தருவதால், நில உரிமையாளர்கள் ஆணை மட்டும் விற்றுவிட்டுப் பெண் மான்களை விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண் போதும், பல பெண்கள் சினையாகிவிடும். ஆணைச் சுட்டு எந்த மந்தையும் குறைந்ததில்லை. குறைக்க வேண்டுமானால் பெண் மானைத்தான் சுட வேண்டும். புள்ளிமான் எந்த மாதத்திலும் குட்டி போடும் என்பதால், பரணில் உட்கார்ந்து பத்து நிமிடம் மந்தையைப் பார்த்து, சிறு குட்டி பின்தொடராத பெண்ணைத் தேர்ந்தெடுங்கள். பரணைத் தீவன இடத்திலிருந்து நூறு கெஜம் தள்ளி, காற்று மானிடமிருந்து நம் பக்கம் வீசும் திசையில் கட்ட வேண்டும். பருவத்துக்குப் பருவம் காற்று மாறுவதால் ஒரு பரண் போதாது. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. பின்னால் தள்ளிப்போனால் குடலில் படும். மான் நெடுந்தூரம் ஓடும், கறியும் கெடும். ஈயத் தோட்டா சிதறித் துணுக்குகள் கறியில் தங்கும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவதானால் முழுச் செம்புத் தோட்டாவே நல்லது.

புள்ளிமான் ஆண்கள் சீற்றத்தோடு கத்தித் திரிவது மே முதல் ஜூலை வரை, அதாவது கடும் வெயிலில். விழுந்த மானை நிழலில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் கறி போச்சு. உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, கால்களைப் பிரித்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து நாலு டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். தண்ணீரில் ஊறிய கறி வெளுத்துச் சப்பென்று ஆகிவிடும். கொழுப்பே இல்லாத கறி இது. தொடையைச் சுக்கா செய்ய நல்லெண்ணெய் கூடுதலாக வேண்டும். முன்னங்காலையும் கழுத்தையும் குக்கரில் குழம்புக்கு விடலாம்.

கடைசியாக, விசாவில் இருப்பவர்களுக்கு. எச்-1பி போன்ற குடியேறா விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. டெக்சஸ் உரிமம் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகும். புள்ளிமானுக்குப் பருவம் இல்லை என்று நினைத்து உரிமத்தைப் புதுப்பிக்காமல் செப்டம்பரில் துப்பாக்கியைத் தூக்கினால், மாநில வேட்டைச் சட்டம் மட்டுமல்ல, ஒன்றியச் சட்டமும் சேர்ந்து வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கெர்வில், டெக்சஸ்