குட்டித் தவளை என்று விற்றது நகத் தவளை

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வளர்ப்பு மீன் விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: தவறான பெயரில் தவளை விற்றதும், அதைக் குளத்தில் விடச் சொன்னதும்.

ஐயா,

கடந்த சித்திரையில் உங்கள் கடையில் இரண்டு ஆப்பிரிக்கக் குட்டித் தவளைகள் (African dwarf frog என்ற சிறிய இனம்) வாங்கினேன். என் மகள் பத்தாவது பிறந்தநாளுக்குக் கேட்டது அதுதான். எப்போதும் தண்ணீரிலேயே இருக்கும், மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் வளராது, சின்ன மீன்களோடு விடலாம் என்றார்கள். குட்டித் தவளையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கொடுத்த இரண்டில் ஒன்றுதான் குட்டித் தவளை.

சின்னி, பொன்னி என்று பெயர் வைத்தாள். எங்கள் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். குளோரின் தவளைத் தோலுக்கு ஆகாது என்பதால் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினோம். மூச்சு விட அவை மேலே வர வேண்டும், தாவினால் வெளியே விழுந்துவிடும், அதனால் தண்ணீருக்கு மேலே இடம் விட்டு, காற்றுப் போகும் மூடியும் போட்டோம். நீங்கள் தந்த மிதக்கும் தீனியைச் சின்னி சீண்டவே இல்லை. உறைய வைத்த பிளட் வார்ம் என்ற சிவப்புப் புழுவை மூக்குக்கு முன்னால் விட்டால், மெதுவாக மோப்பம் பிடித்து, முன்கைகளால் வாய்க்குள் தள்ளும். இந்தத் தவளைகளுக்கு நாக்கு கிடையாது. தினமும் சாயங்காலம் மகள் கால் மணி நேரம் உட்கார்ந்து ஊட்டுவாள். பொன்னியோ எதைப் போட்டாலும் அள்ளித் தின்றது. நல்ல பசி என்று சந்தோஷப்பட்டோம்.

ஆவணிக்குள் சின்னி வாங்கிய அளவிலேயே இருக்க, பொன்னி என் உள்ளங்கையை நிறைக்கப் பார்த்தது. கப்பி மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாள் காலையில் சின்னியைக் காணோம். மூடி மூடியபடியே இருந்தது. மகள் தொட்டியில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடினாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பக்கத்து வீட்டு உயிரியல் டீச்சர் வந்து கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார். குட்டித் தவளைக்கு நாலு காலிலும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்குமாம். பொன்னிக்குப் பின்கால்களில் மட்டும்தான். கண்களும் தலைக்கு மேலே இருக்கின்றன. இது ஆப்பிரிக்க நகத் தவளை. பெண் தவளை 10 சென்டிமீட்டரைத் தாண்டும், வாய்க்குள் நுழைவதையெல்லாம் விழுங்கும். ஒரு நிமிடத்தில் தெரிகிற வித்தியாசத்தை, இதையே தொழிலாகச் செய்யும் நீங்கள் பார்த்திருக்க வேண்டாமா?

உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். "பெருசாயிருச்சுன்னா பக்கத்துக் குளத்துல விட்டுருங்க" என்றார் பேசியவர். நான் இந்தக் கடிதம் எழுத முக்கியமான காரணம் இந்த ஒரு பேச்சுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சித்தூர்ப்புழைத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் நெல் வயல். மழை பெய்த ராத்திரியில் அங்கே தவளைச் சத்தத்தில் பேச்சே கேட்காது. 1930களிலிருந்து பெண்களின் கர்ப்பப் பரிசோதனைக்காக நகத் தவளைகளைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகமெங்கும் அனுப்பினார்கள். அப்புறம் வெளியே போனவை சிலியிலும் கலிபோர்னியாவிலும் பிரான்சிலும் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. மற்ற தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சையை இவை தாங்கள் சாகாமலே சுமக்கக்கூடியவை. அதை எங்கள் வாய்க்காலில் விடச் சொல்கிறீர்கள்! உங்கள் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் விட்டிருப்பார்களோ, நினைத்தால் பயமாக இருக்கிறது.

எனவே, அதே சமயத்தில் உங்களிடம் தவளை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள், முன்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்க்க முடியாதவர்களிடமிருந்து நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நீர்நிலையில் விடக் கூடாது என்று பெட்டியிலேயே தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுங்கள். போனில் பேசுகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். தவளைகளுக்கு நான் கொடுத்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

பொன்னியைத் திருப்பித் தரப் போவதில்லை. அது செய்தது அதன் இயல்பு, அதன் மேல் கோபமில்லை என்று மகளே சொல்லிவிட்டாள். நகத் தவளை 15 வருடத்துக்கு மேலும் வாழும் என்கிறார்கள். பெரிய தொட்டி ஒன்று வாங்கி, அதைத் தனியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் படம், பொன்னியின் முன்கை தெரியும் படம்.