வெள்ளை எழுத்தில் ஒளித்த பாஸ்வேர்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில், மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று போட்டிருந்தீர்கள். எழுதியவருக்கு எத்தனை கணக்கு இருக்கிறதோ, எனக்கு வங்கி, பென்ஷன், வருமான வரி, ரயில் டிக்கெட், கரண்டு பில், கேஸ் என்று 27 இருக்கிறது, எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அத்தனையையும் மாதாமாதம் மாற்றி மனதிலேயே வைத்துக்கொள்ள நான் என்ன அஷ்டாவதானியா?

நான் பண்ணி வைத்திருந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஃபைலில் போட்டு, டெஸ்க்டாப்பிலேயே வைத்து, யார் கண்ணிலும் படக் கூடாது என்று எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கியிருந்தேன். பெரிய தந்திரம் என்று நினைப்பு. ஹார்டு டிஸ்க் மக்கர் செய்கிறதே என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். புதுசு போட்டு, பழையதில் இருந்ததை அதில் ஏற்றிக் கொடுத்த தம்பி சொன்னான்: "ஃபைலெல்லாம் திறக்குதான்னு பாத்தேன் சார். அதுல ஒண்ணு காலியா கிடக்கேன்னு கட்டத்துல கிளிக் பண்ணேன், மேல பார்ல பூராவும் தெரியுது. மொதல்ல அத எடுத்திருங்க." நல்ல பிள்ளை.

அவனே கீபாஸ் என்ற மென்பொருளைப் போட்டும் கொடுத்தான். 2003இல் ஜெர்மனிக்காரர் ஒருவர் எழுதியது, இலவசம். பீரோ மாதிரிதான். 27 பாஸ்வேர்டும் ஒரே ஃபைலுக்குள், அதற்கு ஒரே ஒரு சாவி. சாவி இல்லாமல் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு வெறும் குப்பை எழுத்துகள்தான் மிஞ்சும். வங்கிக்கு ஒன்று, ஜிமெயிலுக்கு ஒன்று என்று வாயில் நுழையாத பாஸ்வேர்டுகளை அதுவே உருவாக்கித் தருகிறது, நாம் ஞாபகம் வைக்க வேண்டியது அந்தச் சாவியை மட்டும். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைத்துக்கொண்டேன். மறந்தால் போச்சு, திருப்பி எடுக்க வழியே இல்லை. அதனால் அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, மனைவியிடமும் சொல்லிவிட்டேன். எழுதவே கூடாது என்கிறீர்களே, நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? ஃபைலை ஒரு பென் டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த மாதாந்திர யோசனைக்கும் வருகிறேன். எண், குறி, பெரிய எழுத்து எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதிகள் பரவியதில் பெரிய பங்கு அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004இல் போட்ட ஆவணத்துக்கு. அதை எழுதிய பில் பர் என்பவரே 2017இல் அதற்காக வருத்தப்பட்டார். மாற்று மாற்று என்றால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், வேறென்ன? திருடு போனதற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிஸ்ட்டும் அந்த வருடமே சொல்லிவிட்டது. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைப்பதுதான் பெரிய ஆபத்து. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் களவு போயின, அவர்களும் என்னைப் போலவே பூட்டாமல்தான் வைத்திருந்தார்கள்! அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456.

பிரவுசரே சேமித்துக்கொள்கிறதே என்பார்கள். சரி, ஒன்றுமில்லாததற்கு அது தேவலை. ஆனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பின் நம்பர் பேரன் வரைக்கும் தெரியும், அது தெரிந்தால் செட்டிங்ஸில் போய் அத்தனையையும் பார்த்துவிடலாம்.

எக்செல் ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து நிம்மதியாக உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் உறைக்கிறது, பழைய ஹார்டு டிஸ்க் இன்னும் அந்தக் கடையிலேயே கிடக்கிறது. காலையில் முதல் வேலையாகப் போய் வாங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
பாளையங்கோட்டை